அம்மா எழுந்துவிட்டாரா, சென்சார் தூங்கிவிட்டதா: திருச்சி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருச்சியில் ஒரு தனி வீடு. மாடி கிடையாது, கான்கிரீட் தளம் நேராக வெயிலை வாங்கும். அதில் 78 வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். மகள் புனேயில். வீட்டு வேலைக்கு ஓர் அக்கா காலை எட்டு மணிக்கு வந்து பத்தரைக்குப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். அப்படி இருப்பதுதான் அவருக்கும் பிடித்திருக்கிறது.

மகள் கேட்டது மூன்று. இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு தானாக எரிய வேண்டும். கோடையில் படுக்கையறை அளவு மீறிச் சூடானால் தனக்குத் தெரிய வேண்டும். காலையில் அம்மா எழுந்து நடமாடுகிறார் என்பது, போன் செய்து எழுப்பாமலே தெரிய வேண்டும். கேமரா கூடாது என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "என்னை யாரும் பாத்துட்டே இருக்கக் கூடாது தம்பி. நான் இருக்கேனா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்றார் என்னிடம். நியாயமான பேச்சு. அதை எல்லையாக வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம்.

நான் போவதற்கு முன்பே கருவிகள் இருந்தன. வேறொருவர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கணினியில், கருவிகளை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள்; வீட்டின் மையம் இதுதான். கணினியின் யூ.எஸ்.பி. துளையில், சென்சார்களோடு ஜிக்பீ என்ற குறைந்த மின்சார ரேடியோ முறையில் பேசும் ஸ்டிக். ஒட்டினாற்போல் வைஃபை பெட்டி. நடையிலும் சமையலறையிலும் கழிப்பறையிலும் பி.ஐ.ஆர். வகை, அதாவது அகச்சிவப்புக் கதிரை வைத்து அசைவைக் காணும் நடமாட்ட சென்சார்கள். படுக்கையறையில் பி.ஐ.ஆரும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரும் சேர்ந்த ஒரு பெட்டி, இரண்டு சி.ஆர். 2450 பட்டன் செல்லில் ஓடுவது. படுக்கையறையிலும் ஹாலிலும் சி.ஆர். 2032 செல் போட்ட வெப்ப, ஈரப்பத சென்சார்கள். செய்தியைக் கடத்த இரண்டு ஸ்மார்ட் பிளக்கும் நடையில் ஒரு ஸ்மார்ட் பல்பும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை வெட்டி ஒயர் இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை, ஆகவே பேட்டரி. அந்த முடிவு சரியானதே. கருவிகளும் மோசமானவை அல்ல. குறை முழுக்க அவற்றை எங்கே வைத்தார்கள், எப்படிப் பேசச் சொன்னார்கள் என்பதில் இருந்தது.

புகார்கள் இவை. சில மாதத்திலேயே செல் தீர்ந்துவிடுகிறது. மே மாத மதியத்தில் அம்மா கட்டிலில் படுத்திருக்கும்போதே 'அறையில் ஆள் இல்லை' என்று காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு 'நடமாட்டம் இல்லை' என்று மகளுக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் பதறிப்போய் எதிர்வீட்டுக்காரரை எழுப்பி அனுப்பினால், அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். மகள் அன்றைக்கே அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டார். பொய் எச்சரிக்கையால் வரும் பெரிய கேடு இதுதான். அடுத்து ஒரு நாள் உண்மையாகவே ஏதாவது நடந்தால் கேட்க ஆள் இருக்காது.

அந்த ஒரு காலை

பதிவுகளைத் திறந்து பார்த்ததும் கண்ணில் பட்டது நடமாட்டம் அல்ல, வெப்பம். படுக்கையறை வெப்பக் கோடு நள்ளிரவு தாண்டி ஓரிடத்தில் நின்று, காலை பத்து மணி வரை கிடையாகவே போயிருந்தது. விடியற்காலையில் எந்த அறையின் வெப்பமும் அப்படி அசையாமல் நிற்காது. சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை; மையம் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. நடை சென்சாரும் சமையலறை சென்சாரும் ஏறக்குறைய அதே நிமிடத்தில்தான் கடைசியாகப் பேசியிருந்தன. அந்த நேரத்தில் தெருவில் மின்வெட்டு.

ஜிக்பீ பேட்டரி சென்சார் தன் நேரத்தில் பெரும்பகுதியை ரேடியோவை அணைத்துத் தூங்கியே கழிக்கிறது. அருகில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒரு கருவியைத் தாய்க் கருவியாகப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே மையத்துடன் பேசுகிறது. பெரும்பாலும் ஒரு பிளக்கோ பல்போ அந்த வேலையைச் செய்யும். இந்த வீட்டில் ஒரு பிளக் வாஷிங் மெஷின் பாயின்டில், இன்னொன்று ஏசி பாயின்டில். இரண்டும் 15 ஆம்பியர் லைன். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் சில 5 ஆம்பியர் பாயின்டுக்கும்தான் போகும். 15 ஆம்பியர் பாயின்டுகள் அதில் சேராது. மின்சாரம் போன கணத்தில் இரண்டு பிளக்கும் செத்துவிட்டன. மூன்றாவதாக இருந்த நடை பல்பையோ, படுக்கப் போகும்போது அம்மா சுவிட்சில் அணைத்துவிடுவார். அது ஐம்பது ஆண்டுப் பழக்கம், மாற்றச் சொல்வதும் முறையல்ல. சுவிட்சில் அணைந்த பல்பு எதையும் கடத்தாது.

மையக் கணினியும் வைஃபையும் இன்வெர்ட்டரில் இருந்தன. ஆகவே புனேயிலிருந்து பார்த்த மகளின் போனில் எல்லாம் நலமாக ஓடுவதுபோலத் தெரிந்தது. உள்ளே சென்சார்கள் அத்தனையும் தாய் இல்லாமல் நின்றன. மின்சாரம் திரும்பிய பிறகும் அவை உடனே வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. தொடர்பு அறுந்தால் சில வகைச் சென்சார்கள் அடிக்கடி தேடும். சில வகை, செல்லை மிச்சம் பிடிக்க, தேடும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும்.

இந்தத் தேடல் எவ்வளவு தின்னும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 26 வரை 16 சேனல்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 0.14 வினாடி காதுகொடுத்தால் ஒரு சுற்றுக்கு 2 வினாடிக்குச் சற்றுக் கூடுதல். அந்த நேரம் முழுக்க ரேடியோ 15 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், ஒரு முழுத் தேடல் ஏறத்தாழ 110 வெப்பத் தகவல்கள் அனுப்புவதற்குச் சமம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், ஜிக்பீ ரூட்டரை, அதாவது இப்படித் தாயாக இருந்து செய்தி கடத்தும் கருவியை, இன்வெர்ட்டருக்கு வெளியே வைத்தால் செல் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

திருத்தம் எளிமையானது. இரண்டு பிளக்கையும் இன்வெர்ட்டர் ஓடும் 5 ஆம்பியர் பாயின்டுக்கு மாற்றினோம்: ஒன்று நடையில், ஒன்று படுக்கையறையில். நடை பல்பு இருந்த இடத்தில் சாதாரண எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு, தரையோரம் வழிகாட்டும் சிறு விளக்கை நடை பிளக்கில் செருகினோம். இரவு விளக்கு இனி அதுதான். பிளக்குக்கு ரூட்டர் வேலையும் ஆயிற்று, அம்மாவின் சுவிட்சுப் பழக்கமும் கெடவில்லை. பிறகு ஒவ்வொரு சென்சாரையும் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தபடியே மறுபடி இணைத்தோம். ஹாலில் மேசைமேல் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு அறைக்குக் கொண்டுபோனால், பல சென்சார்கள் ஹாலில் கிடைத்த தாயையே விடாமல் பிடித்துக்கொள்ளும். சிக்னல் மெலிந்தாலும் மாறாது.

ஜிக்பீ ஸ்டிக்கை ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரில் போட்டு டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தோம். யூ.எஸ்.பி. 3.0 துளையிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. ஒயர் விலை நூறு, இருநூறு ரூபாய். இந்த வீட்டில் செய்த வேலைகளில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது அதுவே.

சேனல் விஷயத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஜிக்பீ சேனல் 11இல் இருந்தது, அதாவது 2405 மெகாஹெர்ட்ஸ். வைஃபை தானாகவே சேனல் 1ஐப் பிடித்திருந்தது. அதன் நடு 2412. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. ஜிக்பீயை மாற்றினால் தூங்கும் சென்சார்களில் பலவற்றைத் திரும்ப இணைக்க வேண்டிவரும். வைஃபையை மாற்றினால் போன் தானாக வந்துவிடும். ஆகவே வைஃபையைத் தானியங்கியிலிருந்து எடுத்து, சேனல் 11இல் நிலையாக நிறுத்தினோம். எண் ஒன்றாக இருந்தாலும் வைஃபையின் 11 என்பது 2462 மெகாஹெர்ட்ஸ். ஜிக்பீயின் 11க்கு வெகு தொலைவு. தூங்காததை மாற்று, தூங்குவதை விட்டுவிடு என்பது இத்தகைய வீடுகளில் நான் விடாமல் பிடிக்கும் விதி.

வெப்பத்தைச் சாட்சியாக வைப்பது

இனி மையமான பிரச்சினை. 'நடமாட்டம் இல்லை' என்பதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும்: ஆள் அசையவில்லை, அல்லது சென்சார் பேசவில்லை. நடமாட்ட சென்சாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆள் அசையாதபோது அது அமைதியாக இருக்கவே செய்யப்பட்டது. வெப்ப சென்சார் அப்படி அல்ல. குறைந்தது மணிக்கு ஒரு முறை பேசியே தீர வேண்டும் என்று அதற்கு உத்தரவிடலாம். மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பேசும். பேசாவிட்டால் கருவியிலோ வழியிலோ கோளாறு.

ஆகவே காலை விதியை இப்படி எழுதினோம். நாலரை மணியிலிருந்து ஏழு வரை படுக்கையறை, நடை, சமையலறை எதிலும் நடமாட்டம் பதிவாகவில்லை என்றால், முதலில் அந்தந்த இடத்துச் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் கடந்த இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது பேசியிருந்தால், அது அம்மாவைப் பற்றிய எச்சரிக்கை: ஹால் ஸ்பீக்கரில் மணி ஒலிக்கும், அம்மா கட்டிலருகே இருக்கும் பட்டனை அழுத்தினால் அதோடு முடிந்தது, பத்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் மகளுக்கு அழைப்பு. சென்சார் பேசவே இல்லை என்றால் போகும் செய்தி வேறு: "சென்சார் தொடர்பில் இல்லை. அம்மாவைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. போன் செய்து கேளுங்கள்." இரண்டு செய்திக்கும் வேறு வேறு ஒலி. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அமைப்பைத்தான் ஒரு மகள் நம்ப முடியும்.

நடமாட்ட சென்சாரில் வெப்பம் அளக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதே பெட்டியே தனக்குச் சாட்சி. பிலிப்ஸ் ஹியூ நடமாட்ட சென்சார் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே அளக்கிறது. இந்த வீட்டு நடை சென்சாரில் அந்த வசதி இல்லை. அதற்கு, அது அவ்வப்போது அனுப்பும் பேட்டரித் தகவலையே உயிர்க்குறியாக எடுத்துக்கொண்டோம். அந்தத் தகவலுக்கும் மணிக்கு ஒன்று என்று உச்ச இடைவெளி வைத்தோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஹோம் அசிஸ்டென்டில் 'கடைசியாக மாறிய நேரம்' என்பதை உயிர்க்குறியாக எடுக்கவே கூடாது. 31.2 டிகிரி வந்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி 31.2 வந்தால் அந்த நேரம் நகராது. சென்சார் நன்றாகவே இருக்கும், நாம் செத்துவிட்டது என்போம். கணினி அணைந்து மீண்டும் தொடங்கினால் தலைகீழ்: பழைய எண்ணுக்குப் புது நேரம் ஒட்டிக்கொள்ளும், செத்த சென்சார் பிழைத்ததுபோலத் தெரியும். ரேடியோ வழியாகக் கடைசியாகக் கேட்ட நேரத்தைத் தனியே தரும் வசதியை இயக்கி, அதைத்தான் பார்க்க வேண்டும். மென்பொருள்கள் தாமாக வைத்திருக்கும் கெடுவும் இந்தக் காரியத்துக்கு உதவாது. பேட்டரிக் கருவி மௌனமானால் 'தொடர்பில் இல்லை' என்று அறிவிக்க, ஜிக்பீடுஎம்க்யூடிடி என்ற இணைப்பு மென்பொருள் இயல்பாக 25 மணி நேரம் காத்திருக்கும். ஹோம் அசிஸ்டென்டின் சொந்த ஜிக்பீ இணைப்பு 6 மணி நேரம். தோட்டத்து வெப்பத்துக்கு அது போதும், வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போதாது.

எத்தனை முறை பேச வேண்டும்

வெப்ப சென்சாருக்கு மூன்று எண்கள்: இதற்குள் மறுபடி பேசாதே என்ற குறைந்த இடைவெளி, இதற்கு மேல் மௌனமாக இருக்காதே என்ற உச்ச இடைவெளி, இவ்வளவு மாறினால் சொல் என்ற மாற்ற அளவு. படுக்கையறை சென்சாரில் குறைந்த இடைவெளி 10 வினாடி, மாற்ற அளவு 1 என்று இருந்தது. வைத்தவர் ஒரு டிகிரி என்று நினைத்திருப்பார். ஜிக்பீயில் வெப்பம் நூறில் ஒரு பங்கு டிகிரியாகப் போகிறது; 1 என்றால் 0.01 டிகிரி. ஃபேன் ஓடும் அறையில் 0.01 டிகிரி ஒவ்வொரு நொடியும் மாறும். ஆக அந்தச் சென்சார் 10 வினாடிக்கு ஒரு முறை, இரவும் பகலும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி.ஆர். 2032 செல்லில் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. தூங்கும்போது 3 மைக்ரோ ஆம்பியர். ஒரு முறை விழித்து அளந்து அனுப்பித் திரும்பத் தூங்க 20 மில்லி வினாடி, அந்த நேரத்தில் 15 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குக் கருவி இது மாறும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் போதும். தூக்கத்துக்கு நாளொன்றுக்கு 0.072 மில்லி ஆம்பியர் மணி ஆகிறது. 10 வினாடிக்கு ஒன்று என்றால் நாளில் 8,640 தகவல், அதற்கு 0.72. செல் 9 மாதம் வரும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 3 ஆண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6 ஆண்டு. மணிக்கு ஒன்று என்றால் 8 ஆண்டு. அதற்குள் செல் தானாகவே வயதாகிவிடும். நடைமுறையில் தேடலும், மறுபடி அனுப்புவதும், தாயிடம் கேட்டுப் பார்ப்பதும் சேர்ந்து இவை நன்றாகவே குறையும். ஆனாலும் விகிதம் மாறாது. 10 வினாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குப் போவதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தடித்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பது வீண். அங்கே செல்லைத் தின்பது பேச்சு அல்ல, தூக்கம்.

வெப்பத்துக்குக் குறைந்தது 60 வினாடி, உச்சம் 3,600 வினாடி, மாற்றம் 30 என்று வைத்தோம், அதாவது 0.3 டிகிரி. ஈரப்பதத்துக்குக் குறைந்தது 300 வினாடி, மாற்றம் 300, அதாவது 3 சதவீதம். ஈரப்பதத்தைப் பலர் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஈரத் துணி உலர்த்தினாலும் கதவைத் திறந்தாலும் அது துள்ளும்; வெப்பத்தைவிட அதுதான் அதிகம் பேசும்.

இந்த எண்களைத் தூங்கும் சென்சாருக்குள் ஏற்றுவதே தனி வேலை. அனுப்பிய உத்தரவைத் தாய்க் கருவி வழக்கமாக 7.68 வினாடிதான் வைத்திருக்கும். அதற்குள் சென்சார் விழித்துக் கேட்காவிட்டால் தூக்கி எறிந்துவிடும். ஆகவே ஒருவர் சென்சாரின் பட்டனைத் தட்டி விழிக்க வைக்க, உடனே இன்னொருவர் கணினியில் அனுப்ப வேண்டும். பட்டன் தட்டும் வேலையை அம்மாவே ஏற்றுக்கொண்டார். "அமுக்கிட்டேன் தம்பி" என்று அறையிலிருந்து குரல் வரும், நான் ஹாலிலிருந்து அனுப்புவேன். ஏற்றிய பிறகு, அதே எண்களைச் சென்சாரிடமிருந்து திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும். ஹால் சென்சார் எதையும் ஏற்கவில்லை. அதன் மென்பொருளில் இடைவெளி மாற்ற முடியாதபடி இருக்கிறது. சுமார் ஒரு மணிக்கொரு முறை தானாகப் பேசுகிறது. அதை அப்படியே விட்டோம்.

கத்திரி வெயிலில் பி.ஐ.ஆர்.

மதியத்தில் ஆள் இல்லை என்று காட்டிய புகாருக்கு வருகிறேன். இது நம் ஊர் வீட்டுக்கே உரிய சிக்கல். குளிர் நாட்டில் எழுதப்பட்ட கையேடுகளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்காது.

பி.ஐ.ஆர். என்பது உடம்பின் சூட்டை அளக்கும் கருவி அல்ல. உடம்பு விடும் அகச்சிவப்புக் கதிருக்கும் பின்னாலுள்ள சுவர் விடும் கதிருக்கும் உள்ள வேறுபாடு, லென்ஸின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைத்தான் அது பார்க்கிறது. தோலின் சூடு 33, 34 டிகிரி. மே மாதம் மூன்று மணிக்கு இந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். வேறுபாடே இல்லாதபோது எதைப் பார்ப்பது? உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அதனால் பயன் இல்லை, திரைச்சீலையில் அடிக்கும் அனலுக்கெல்லாம் பொய்யாக விழித்ததுதான் மிச்சம்.

ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கும் சில மில்லிமீட்டர் அசைவையும் ரேடார் பிடிக்கும். வெப்பம் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் ரேடாரை விடாமல் ஓட்டினால் பட்டன் செல் தாங்காது. ஆகவே இத்தகைய பேட்டரிப் பெட்டிகளில் பி.ஐ.ஆரைக் காவலாளியாக நிறுத்துகிறார்கள்: அது ஆளைப் பார்த்த பிறகே ரேடார் விழித்து, விட்டு விட்டுச் சரிபார்க்கும். கத்திரியில் காவலாளிக்கே கண் தெரியவில்லை; ரேடாரை எழுப்ப ஆள் இல்லை. அந்தப் பெட்டியை ஃபேனைப் பார்த்தபடி வேறு மாட்டியிருந்தார்கள். ஆகவே இரவெல்லாம் ஃபேனின் சுழற்சியை ஆளாக எண்ணி ரேடார் விழித்தே கிடந்தது. ஒரே அறையில், மதியம் இருக்கும் ஆளைக் காணாமலும், ஆள் எழுந்து போன பிறகும் இருப்பதாகவும் அது சொன்னதற்குக் காரணம் இதுதான்.

என்னைக் கேட்டால், வயதானவர் படுக்கும் அறைக்குப் பேட்டரி ரேடார் வேண்டாம். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இன்வெர்ட்டர் பாயின்ட் இருக்கிறது. சுவரை உடைக்க வேண்டியதில்லை. போன் சார்ஜரில் ஓடும் சிறு ரேடார் ஒன்றை அங்கே, மெத்தையின் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில், கட்டிலைப் பார்க்க வைத்தோம். ஃபேன் அதன் பார்வைக்கு மேலே போய்விட்டது. கொசுவலை அசைவதையும் அது ஆளாகக் கொள்ளக்கூடும் என்பதால், தூர எல்லையைக் கட்டிலோடு நிறுத்தி, உணர்திறனை ஒரு படி இறக்கினோம். மின்சாரத்திலேயே ஓடுவதால் அது ரூட்டராகவும் ஆயிற்று.

பேட்டரிப் பெட்டியை ஹாலுக்கு, அம்மா மாலையில் டிவி பார்க்கும் நாற்காலிக்கு எதிரே கொண்டுவந்தோம். ஹாலில் இரண்டு பக்கமும் சன்னல், அவ்வளவு சூடாகாது. ஆனாலும் ஹாலுக்கும் நடைக்கும் ஒரு விதி சேர்த்தோம். வெப்பம் 33 டிகிரிக்கு மேல் இருந்தால், பி.ஐ.ஆர். சொல்லும் 'ஆள் உண்டு' செல்லும், 'ஆள் இல்லை' செல்லாது. சாதாரண நேரத்தில் கடைசி அசைவுக்குப் பத்து நிமிடம் கழித்து அறை காலி என்று கொள்ளும் மையம், 33க்கு மேல் தொண்ணூறு நிமிடம் பொறுக்கும். அருகிலிருக்கும் வெப்ப சென்சார் இங்கே இரண்டாம் முறையாகச் சாட்சி சொல்கிறது.

இந்தப் பொறுமையைச் சென்சாருக்குள் வைக்காமல் மையத்தில் வைப்பது நல்லது. சென்சாரில் குறுகிய நேரம் மட்டும். நீளமான காத்திருப்பெல்லாம் மையத்தில். அப்போது இரவு விளக்குக்கு இரண்டு நிமிடம், காலை விதிக்கு இன்னொரு கணக்கு, மதியத்துக்கு வேறொன்று என்று ஒரே சென்சாரை மூன்று விதமாகப் பயன்படுத்த முடியும்.

கழிப்பறை

பயப்பட வேண்டிய இடம் இதுதான். கதவில் காந்த சென்சார் வைத்து, கதவு மூடிய பிறகு உள்ளே அசைவு தெரிந்தால், கதவு திறக்கும்வரை ஆள் உள்ளேதான் என்று கொள்ளும் ஒரு முறை பரவலாக இருக்கிறது. நல்ல முறைதான். இங்கே சரிவராது. இரவில் கதவைத் தாழிடக் கூடாது என்று மகள் சொல்லியிருப்பதால் அம்மா கதவை ஒருக்களித்தே விடுகிறார். அந்தப் பழக்கம் காந்த சென்சாரைவிட முக்கியம்.

ஆகவே வரிசையைப் பார்த்தோம்: நடையில் அசைவு, பிறகு கழிப்பறையில் அசைவு, அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடத்துக்குள் நடையிலோ படுக்கையறையிலோ அசைவு வராவிட்டால் ஸ்பீக்கர் மணி, அடுத்து அழைப்பு. கழிப்பறை சென்சார் ஈரம் படாத கதவுப்பக்க மூலையில், ஆள் குறுக்கே நடக்கும்படியாக மாட்டப்பட்டது. நேராக எதிரே வருபவரைப் பி.ஐ.ஆர். தாமதமாகத்தான் காணும், குறுக்கே கடப்பவரை உடனே காணும்.

வெப்ப அளவு உண்மையா

பழைய இடத்தில் படுக்கையறை சென்சார் மேற்குச் சுவரில் ஒட்டியிருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவு பத்து மணி வரை சூட்டை விடும். அது அளந்தது சுவரை, அம்மா மூச்சு விடும் காற்றை அல்ல. உள்சுவருக்கு மாற்றி, கட்டில் உயரத்தில், பின்னால் ஒரு துண்டு தெர்மகோல் வைத்து ஒட்டினோம். அதற்கு முன் எல்லாச் சென்சாரையும் ஒரே டப்பாவில் மூடி ஓர் இரவு வைத்து, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தை மையத்தில் திருத்த எண்ணாகக் கொடுத்தோம். ஈரப்பதத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. உப்பைச் சிறிது தண்ணீரில் சேறுபோலக் குழைத்து ஒரு மூடியில் வைத்து, சென்சாருடன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்பு சென்சார்மேல் படக் கூடாது. பல மணி நேரம் பொறுக்க வேண்டும்.

எச்சரிக்கை எல்லை 35 டிகிரி, அரை மணி நேரம். அந்த எண்ணை நான் முடிவு செய்யவில்லை. மகளும் அம்மாவைப் பார்க்கும் மருத்துவரும் பேசிச் சொன்னது. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் காற்று உடலைக் குளிர்விக்காது, மாறாகச் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆகவே ஃபேனைத் தானாகக் கூட்டும் விதியை வைக்காமல், ஏசி போடச் சொல்லி ஸ்பீக்கரில் குரல் வரும்படி செய்தோம்.

செல்களைப் பற்றி

போனில் தெரியும் பேட்டரி சதவீதத்தை நம்பி உட்காரக் கூடாது. லித்தியம் பட்டன் செல்லின் அழுத்தம் வாழ்நாளில் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் மளமளவென்று சரியும். நூறு, நூறு என்று காட்டிவிட்டு ஒரு வாரத்தில் விழும். ஒவ்வொரு மூடியின் உட்புறமும் செல் போட்ட தேதியை எழுதி ஒட்டினோம். காலை விதியில் பங்கேற்கும் சென்சார்களுக்கு மட்டும் சதவீதத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை புதுச் செல். நூறு ரூபாய் செல்லில் மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல.

விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வருகிறார்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். எல்லாச் சென்சாரையும் ஐந்தடிக்கு மேல் மாற்ற முடியவில்லை. படுக்கையறை வெப்ப சென்சார் கட்டில் உயரத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் திருகு போட்ட மூடியுள்ள வேறு வகை வாங்கினோம். கழற்றிய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மகள் காலை எச்சரிக்கையை மறுபடி இயக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த மின்வெட்டுகளில் சென்சார்கள் பேசிக்கொண்டே இருந்தன. ஒரு முறை சமையலறை சென்சார் மட்டும் விலகியது. 'சென்சார் தொடர்பில் இல்லை' என்ற செய்தி போனது, மகள் போன் செய்தார், அம்மா எடுத்தார். எதிர்வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஓர் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. வீட்டில் வேறு யாராவது இருந்தால் இந்தச் சென்சார்களுக்கு அது அம்மாவா, அவரா என்று தெரியாது. வேலைக்கார அக்கா எட்டு மணிக்கு வருவதற்குள் காலை விதி முடிந்துவிடுவதால் அதில் சிக்கல் இல்லை. உறவினர் வந்து தங்கும் நாட்களில் விதியை நிறுத்திவைக்க ஹாலில் ஒரு பட்டன் வைத்திருக்கிறோம். அவர்கள் கிளம்பிய பிறகு அதைத் திரும்ப இயக்க மறந்தால் என்ன செய்வது என்பதற்கு, இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரில் "இன்றைக்கும் விருந்தாளிகள் இருக்கிறார்களா?" என்று கேட்டு, பட்டனை மறுபடி அழுத்தாவிட்டால் விதி தானாக இயங்கும்படி எழுதியிருக்கிறேன். வரும் தீபாவளிக்கு மகள் குடும்பம் வரும்போதுதான் அது முதன்முறையாகச் சோதிக்கப்படும்.